யானை ஏறிய துறை: யாழ்ப்பாணத் தீவகத்தின் விலங்கு வணிகமும் விலங்குக் காப்பும்

வேலணைத் தீவின் தென்கரையில் அமைந்த சாட்டி என்னும் கடலோர ஊர், வெண்மணற் கடற்கரைக்காகவும், உவர்நீர் மிகுந்த தீவகத்தில் அரிதாகக் கிடைக்கும் நன்னீருக்காகவும், சிந்தாத்திரை மாதா திருத்தலத்துக்காகவும் இன்று அறியப்படுகிறது. அதே தீவின் வடமேற்கு முனையில், காரைநகருக்கு எதிரே, ஊர்காவற்றுறைத் துறைமுகம் உள்ளது. சுண்ணாம்புக்கல் தரையும் பனையும் பற்றைகளும் கொண்ட இத்தீவில் யானைக்கூட்டம் தங்கி வாழத்தக்க காடு இல்லை. வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் தீனியும் 100 லீற்றருக்கு மேற்பட்ட நீரும் கொள்ளும் என்பதைக் கருதினால், கோடையில் குடிநீருக்கே இடர்ப்படும் இத்தீவகம் அவ்விலங்குக்கு எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும். ஆயினும் பல நூற்றாண்டுகளாக உயிருள்ள யானைகளைக் கடல்வழி அனுப்பிய தென்னாசியத் துறைகளுள் ஊர்காவற்றுறை முதன்மையான ஒன்றாக இருந்தது. போர்த்துக்கேயர் இத்துறைக்கு இட்ட பெயரே யானைகளின் இறங்குதுறை என்னும் பொருளுடையது. ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் கைற்ஸ் என்பது அப்பெயரின் எச்சமாகும்.

இத்துறையின் வரலாறு பெரும்பாலும் வணிக வரலாறாகவோ கோட்டைகளின் வரலாறாகவோ எழுதப்பட்டுள்ளது. அதனை விலங்குக் காப்பின் வரலாறாகவும் படிக்க முடியும். யானையைப் பிடிக்கும் உரிமை யாருடையது, அதன் விலை யாரிடம் சேர்ந்தது, அதன் அருகே வாழ்வதால் நேர்ந்த இழப்பை யார் சுமந்தனர் என்னும் மூன்று வினாக்களுக்கு ஒவ்வோர் ஆட்சியும் வெவ்வேறு விடை அளித்தது. முதல் இரண்டு வினாக்களுக்கும் விடை தெளிவாக எழுதி வைக்கப்பட்டது. மூன்றாவது வினா நெடுங்காலம் கேட்கப்படவே இல்லை என்பதும், இன்றைய காப்புச் சட்டங்கள் தடுமாறும் இடம் அதுவே என்பதும் இக்கட்டுரையில் காட்டப்படும்.

பழைய சான்றுகள்

ஈழத்து யானையின் புகழ் கிறித்து ஊழியின் தொடக்கத்திலேயே மத்தியதரைக்கடல் நாடுகள் வரை எட்டியிருந்தது. தப்ரபேன் என்று கிரேக்கர் அழைத்த ஈழத்தீவின் யானைகள் இந்திய யானைகளைவிடப் பெரியவை, போர்க்குணம் மிக்கவை என்று அலெக்சாந்தரின் கடலோடியான ஒனெசிகிரிதுஸ் கூறியதை முதலாம் நூற்றாண்டில் பிளினி எடுத்தெழுதினார். இத்தீவினர் பெரிய மரக்கலங்களைக் கட்டி யானைகளை எதிர்க்கரைக்குக் கொண்டுசென்று கலிங்க மன்னனுக்கு விற்றனர் என்று அவருக்குப் பின்வந்த ஏலியானுஸ் குறிப்பிடுகிறார். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த கொஸ்மாஸ் இண்டிகோபிளுஸ்தஸ் என்னும் வணிகத் துறவி தரும் செய்தி இன்னும் நுட்பமானது: இத்தீவின் அரசன் யானைகளை முழக்கணக்கில் உயரம் அளந்து விலைகொடுத்து வாங்கினான் என்றும், பாரசீகத்திலிருந்து குதிரைகளைக் கொண்டுவரும் வணிகருக்குச் சுங்கவரியைத் தள்ளுபடி செய்தான் என்றும் அவர் எழுதினார். உயரத்தை அளந்து யானைக்கு விலை குறிக்கும் வழக்கமும், யானையையும் குதிரையையும் அரசின் தனிக் கவனத்துக்குரிய சரக்குகளாகக் கருதும் மனப்பான்மையும் இதன்பின் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீடித்தன.

தீவகத்துக்கே உரிய மிகப் பழைய சான்று நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் உள்ள கல்வெட்டாகும். பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணையைத் தமிழில் பொறித்த இக்கல்வெட்டை, வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா 1960களில் ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்க வேண்டும் என்றும் அவர்களுக்குக் காவல் அளிக்கப்படும் என்றும் கூறும் இவ்வாணை, உடைந்த மரக்கலங்களின் சரக்கைப் பங்கிடும் விதியையும் வகுக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசின் கருவூலமான பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியவை. மற்றச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் இருவருக்கும் பாதிப் பாதி. யானையும் குதிரையும் கொண்டுவருவோரின் இழப்பைக் குறைத்து அவர்களை மேலும் வரச்செய்யும் நோக்கமே இச்சலுகையின் அடியில் இருந்தது என்பது வெளிப்படை.

இக்கல்வெட்டில் யானை ஏற்றுமதிப் பொருளாக அன்றி, வந்திறங்கும் பொருளாகக் குறிக்கப்படுவது கவனத்துக்குரியது. தன் காடுகளில் யானை நிறைந்த நாடு ஏன் யானையை வாங்க வேண்டும் என்னும் ஐயத்துக்குச் சூளவம்சம் ஓரளவு விடை தருகிறது. பர்மாவின் அரசன் யானை விற்பனையைத் தடுத்து விலையையும் உயர்த்தியதே பராக்கிரமபாகு அந்நாட்டின்மீது கடற்படை அனுப்பியதற்கான காரணங்களுள் ஒன்று என அந்நூல் கூறுகிறது. ஈழத்து ஆண் யானைகளுள் தந்தம் உடையவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு என்பதால், அரசச் சிறப்புக்கும் போருக்கும் வேண்டிய கொம்பன் யானைகளை வெளியிலிருந்து பெறும் தேவை இருந்திருக்கலாம். இதே காலத்தில் சோழ நாட்டைத் தாக்கும் நோக்குடன் ஊராத்துறையிலும் மாதோட்டத்திலும் பிற துறைகளிலும் பராக்கிரமபாகு மரக்கலங்களைக் கட்டுவித்தான் என்பதையும், சோழப் படை ஈழத்தினுள் புகுந்து அவ்விடங்களுள் சிலவற்றை அழித்து யானைகளைக் கைப்பற்றியதையும் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு அறிவிக்கிறது. யானை இங்கே வணிகச் சரக்காகவும் போர்க் கருவியாகவும் கொள்ளைப் பொருளாகவும் ஒருங்கே தோன்றுகிறது.

வன்னியும் யாழ்ப்பாண அரசும்

பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குப் பின் எழுச்சி பெற்ற யாழ்ப்பாண அரசின் வருவாயில் முத்துக்குளிப்புக்கு அடுத்த நிலையில் யானை வணிகம் இருந்தது. தீபகற்பத்தில் யானைக் காடு இல்லாமையால் அதற்குத் தெற்கே விரிந்த வன்னிப் பெருநிலமே யானையின் பிறப்பிடமாக விளங்கியது. பனங்காமம், கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, மேல்பற்று, முள்ளியவளை முதலிய பிரிவுகளை ஆண்ட வன்னியர் எனப்பட்ட குறுநிலத் தலைவர்கள் தம் திறையை யானைகளாகச் செலுத்தினர். ஆழமற்ற களப்பைக் கடந்து யானைகள் தீபகற்பத்தினுள் ஓட்டிவரப்பட்ட இடமே ஆனையிறவு என்பது பொதுவான கருத்தாகும். யாழ்ப்பாண நகரில் யானைகள் கட்டப்பட்ட கொட்டில்களின் நினைவு ஆனைப்பந்தி என்னும் இடப்பெயரில் நிலைத்துள்ளது.

யானையைப் பிடிப்பது தனித் திறன் வேண்டிய தொழிலாக இருந்தது. வடக்கிலும் வடகிழக்கிலும் முசுலிம் ஊர்களில் வாழ்ந்த பணிக்கர் எனப்பட்டோர், மான் அல்லது எருமைத் தோலால் முறுக்கிய கயிற்றைச் சுருக்கிட்டு, காட்டு யானையின் பின்னே ஓசையின்றி நெருங்கி, அதன் பின்னங்காலை மாட்டி மரத்தில் கட்டும் முறையில் பெயர் பெற்றவர்கள். தனி யானையைப் பிடிக்க இம்முறை ஏற்றது. கூட்டமாகப் பிடிப்பதற்குக் காட்டினுள் வலிய மரங்களை நட்டு அடைப்பு அமைத்து, நூற்றுக்கணக்கானோர் பறையொலியோடும் தீப்பந்தங்களோடும் பல நாள் சுற்றிவளைத்து யானைகளை அதனுள் விரட்டும் முறை கையாளப்பட்டது. முதல் முறையில் கைத்திறனுக்குக் கூலி கிடைத்தது; இரண்டாவது முறையில் அரசுக்குச் செய்யவேண்டிய கட்டாய ஊழியமே பெரும்பாலும் பயன்படுத்தப்பட்டது. வயலையும் சேனையையும் விட்டு வாரக்கணக்கில் காட்டில் நிற்க நேர்ந்த குடியானவருக்கு யானையின் விலையில் பங்கு இருக்கவில்லை.

பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண மன்னர்மேல் சுமத்திய திறையில் யானைகள், அல்லது அவற்றுக்கு ஈடான பணம், இடம்பெற்றன. 1619இல் பிலிப்பே டி ஒலிவேரா யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியபின் யானை வணிகம் நேரடியாகவே போர்த்துக்கேய முடியின் கைக்கு வந்தது. துறைமுகத்தைக் காக்க ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட கடலில், சிறு திட்டு ஒன்றின்மீது அவர்கள் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் பின்னர் ஹம்மன்ஹீல் என்று அழைத்தனர். யாழ்ப்பாணத்துக்குள் நுழையும் நீர்வழியையும் அவ்வழியே வெளியேறும் யானைக் கப்பல்களையும் ஒருங்கே கண்காணிக்கத்தக்க இடத்தில் அக்கோட்டை நின்றது.

ஒல்லாந்தர் கால ஏலம்

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, தீவுகளுக்குத் தன் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டியது. வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. இன்றைய காரைநகரான காரைதீவு ஆம்ஸ்ரடாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆயிற்று. சாயவேர், சங்கு, பனைமரம், புகையிலை ஆகியவற்றோடு யானையும் யாழ்ப்பாணப் பட்டினத்தின் முதன்மை வருவாயாக இருந்ததால், 1697இல் தாம் இல்லாத காலத்தில் ஆட்சிக் குழுவுக்கு வழிகாட்டும் அறிவுரைக் குறிப்பு எழுதிய தளபதி ஹென்றிக் ஸ்வார்டகுறோன் யானைகளின் பிடிப்பு, வளர்ப்பு, விற்பனை ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்தார். வன்னியர்கள் திறையாகத் தரவேண்டிய யானைகள் நிலுவையில் நின்றமை கம்பனி அதிகாரிகளின் தீராத முறைப்பாடாக இருந்தது. தெற்கே மாத்தறைப் பகுதிக் காடுகளில் பிடிக்கப்பட்ட யானைகளும் கொழும்பு, புத்தளம், மன்னார் வழியாக நெடுந்தொலைவு நடத்தி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டன.

ஆண்டுதோறும் யாழ்ப்பாணத்தில் நடந்த யானை ஏலத்துக்குக் கோல்கொண்டா, வங்காளம், சோழமண்டலக் கரை ஆகிய இடங்களின் வணிகர் வந்தனர். ஈழத்து யானையைக் கண்டால் பிற நாட்டு யானைகள் பணிந்து வணங்கும் என்று இந்தியாவில் நிலவிய நம்பிக்கையைப் பிரெஞ்சு மணிவணிகர் தவெர்னியே பதிவு செய்துள்ளார். அந்நம்பிக்கையும் விலையை ஏற்றியது. உயரம், தந்தத்தின் இருப்பு, உடற்குறை இன்மை ஆகியவற்றின்படி விலை குறிக்கப்பட்டது. விற்ற யானைகளை ஏற்றும் வேலையும் எளிதன்று: யானையின் உடலைத் தடித்த பாய்த்துணியால் சுற்றிக் கட்டி, பழகிய இரு யானைகளுக்கு நடுவே நீரில் இறக்கி, கப்பலின் அருகே நீந்தச்செய்து, கப்பியும் வடமும் கொண்டு மேலே தூக்கும் முறை ஒல்லாந்தர் காலத்து விவரிப்புகளில் காணப்படுகிறது.

யானை வெளியேறிய கடல்வழியிலேயே குதிரை உள்ளே வந்தது. போர்த்துக்கேயர் காலத்தில் தொடங்கி ஒல்லாந்தர் காலத்தில் விரிவடைந்த குதிரை வளர்ப்பு நெடுந்தீவில் நடைபெற்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் பிரித்தானிய அதிகாரியின் பொறுப்பில் அது இருந்தது. வளர்ப்பு கைவிடப்பட்டபின் அங்கேயே தங்கிய குதிரைகள், யாருக்கும் உரிமையற்ற கட்டாக்காலிக் கூட்டங்களாகப் பெருகின. நயினாதீவுக் கல்வெட்டு ஒரே தொடரில் இணைத்துக் கூறிய இரு விலங்குகளுள் யானையைத் தீவகத்தில் இன்று காணமுடியாது. குதிரை மட்டும் எஞ்சியுள்ளது.

கம்பனி யானையைப் பிடிக்கும் உரிமையைத் தனக்கே ஒதுக்கிக்கொண்டதையும், அனுமதியின்றிப் பிடிப்போரையும் கொல்வோரையும் தண்டித்ததையும் விலங்குக் காப்பின் தொடக்கமாகச் சிலர் கொள்வதுண்டு. அக்கருத்து முழுமையாக ஏற்கத்தக்கதன்று. கண்டி அரசிலும் யானை அரசனின் உடைமையாகக் கருதப்பட்டது. அதனால் குடிகள் அதனைக் கொல்லாமல் இருந்தது உண்மை. ஆனால் அத்தடையின் நோக்கம் சரக்கைக் காப்பதேயன்றி விலங்கின் வாழ்வைக் காப்பதன்று. வாங்குவோர் உள்ளவரை மட்டுமே அத்தகைய காப்பு செல்லும். பதினெட்டாம் நூற்றாண்டில் பீரங்கியும் துப்பாக்கியும் போர்முறையை மாற்றியபோது போர்யானையின் தேவை குறைந்தது. முகலாயப் பேரரசும் தக்காண அரசுகளும் தளர்ந்தபோது பெருவிலை கொடுப்போரும் குறைந்தனர். 1795இல் பிரித்தானியர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது யானை ஏலத்தின் பொற்காலம் முடிந்துவிட்டிருந்தது.

விலையிழந்த விலங்கு

சந்தையில் விலையிழந்த யானை விரைவிலேயே அழிக்கத்தக்க பகையாகக் கருதப்பட்டது. பயிருக்கும் பாதைக்கும் இடையூறு என்று கூறி, கொல்லப்படும் யானை ஒவ்வொன்றுக்கும் சில சிலிங் பரிசளிக்கும் திட்டத்தைப் பிரித்தானிய அரசு நடைமுறைப்படுத்தியது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராகப் பணியாற்றிய ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் தரும் கணக்கின்படி, 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கும், 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் 2,000 யானைகளுக்கும் பரிசு வழங்கப்பட்டது. வட மாகாணக் கணக்கு வன்னிக் காடுகளைச் சார்ந்தது என்பதால், முன்னர் ஊர்காவற்றுறைக்கு யானை அனுப்பிய அதே நிலமே இப்போது அதன் கொலைக்களமாயிற்று எனலாம்.

பரிசுக்காகக் கொன்றவர்களோடு பொழுதுபோக்குக்காகக் கொன்றவர்களும் சேர்ந்தனர். 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பெயர் பெற்ற மேஜர் றொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் இடிதாக்கி இறந்தார். சாமுவேல் பேக்கர் தம் வேட்டை அனுபவங்களை 1854இல் நூலாக்கி இலங்கையை ஐரோப்பிய வேட்டையாளரின் கனவு நாடாக்கினார். உயிரோடு பிடிக்கப்பட்டவற்றின் நிலையும் நன்றாக இருக்கவில்லை. அரசுத் துறைகளில் 1831 முதல் 1856 வரை வேலை செய்த யானைகளுள் பணிக்காலம் பதிவான 138இல் 72 முதலாண்டிலேயே இறந்தன என ரெனன்ற் பட்டியலிடுகிறார். ஒல்லாந்தர் கால ஏலத்துக்கு வந்த யானைகளுக்குப் பின்னாலும் வழியில் மடிந்தவை பல இருந்திருக்க வேண்டும் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது. 1832இல் இராசகாரியம் எனப்பட்ட கட்டாய அரசூழிய முறை ஒழிக்கப்பட்டபின் பெரும் யானைப் பிடிப்புகளுக்கு ஆள்திரட்டுவதும் கடினமாயிற்று. கூலியில்லா உழைப்பின்மீதே அத்தொழில் நின்றிருந்தது என்பதற்கு இது போதிய சான்றாகும்.

சட்டத்தின் வருகை

அழிவின் அளவு வேட்டையாளரையே அஞ்சச்செய்தபோதுதான் காப்புச் சட்டங்கள் பிறந்தன. 1891இல் யானை, எருமை முதலிய விலங்குகளைக் காரணமின்றிக் கொல்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1894இல் வேட்டை விலங்குக் காப்புச் சங்கம் தோன்றியது. பெரும்பாலும் ஐரோப்பிய வேட்டையாளர்களும் தோட்ட உரிமையாளர்களும் சேர்ந்து தொடங்கிய அச்சங்கமே இன்றைய வனவிலங்கு மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாகும். தமக்குரிய வேட்டை தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர்களின் முயற்சியில் கலந்திருந்தது. எனினும் அம்முயற்சி 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்குகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கும், 1938இல் யால, வில்பத்து ஆகியவை தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்படுவதற்கும் வழி திறந்தது. 1949இல் வனஜீவராசிகளுக்கெனத் தனித் திணைக்களம் அமைந்தது. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 1975இல் நடைமுறைக்கு வந்தபோது ஆசிய யானை அதன் முதற் பட்டியலில் இடம்பெற்றது. அப்பட்டியலில் உள்ள விலங்குகளை வணிக நோக்கில் நாடுவிட்டு நாடு விற்க முடியாது.

இதனால் ஊர்காவற்றுறை அறிந்திருந்த வணிகம் சட்டப்படி முடிவுற்றது. எனினும் யானையை அரசு வெளிநாட்டுக்கு அனுப்பும் வழக்கம் பரிசு என்னும் வடிவில் நீடித்தது. 2016இல் நியூசிலாந்துக்குப் பரிசாக அறிவிக்கப்பட்ட நந்தி என்னும் குட்டி யானையின் பயணம், விலங்குநல அமைப்புகளும் ஆர்வலர்களும் தொடுத்த வழக்கினால் தடைப்பட்டது. தாய்லாந்து 2001இல் இலங்கைக்கு அளித்த முத்துராஜா என்னும் யானை, சரிவரப் பேணப்படவில்லை என்ற முறைப்பாட்டின் பின்னர் 2023 யூலையில் வானூர்தியில் ஏற்றித் திருப்பி அழைக்கப்பட்டது. ஏலமேடையில் விலை கூறப்பட்ட விலங்கின் நலனுக்காக நீதிமன்றத்தில் வாதிடும் நிலை உருவானது பெரிய மாற்றமே.

எண்ணிக்கையும் அயலாரும்

2011இல் நாடு முழுவதும் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் 5,879 காட்டு யானைகள் பதிவாயின. 2019 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் 300க்கும் மேற்பட்ட யானைகளும், 100க்கும் மேற்பட்ட மனிதரும் உயிரிழந்தனர். துப்பாக்கிச் சூடு, முறைகேடாக இழுத்த மின்கம்பி, தீனிக்குள் மறைத்து வைக்கப்படும் வாய்வெடி, தொடருந்து மோதல் ஆகியவை யானைகளின் இறப்புக்கான முதன்மைக் காரணங்களாகும். இவற்றுள் பெரும்பாலானவை காசுக்காகச் செய்யப்படும் வேட்டையன்று; பயிரையும் வீட்டையும் உயிரையும் காக்க முயல்வோரின் செயல்களாகும். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காட்டில் யானைகள் நடமாடுகின்றன என்பதையும், அப்பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் மனிதரும் குடியிருக்கின்றனர் என்பதையும் அண்மைக்கால ஆய்வுகள் நிறுவியுள்ளன. யானையைப் பூங்காவினுள் அடைத்துவிட்டால் சிக்கல் தீரும் என்னும் பழைய நம்பிக்கையை இக்கணக்கு தகர்க்கிறது. உள்நாட்டுப் போரின் பின் மீள்குடியேறிய முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் மக்கள், முன்னோர் யானைத் திறை செலுத்திய அதே நிலத்தில் இன்று யானைக்கு அஞ்சி இரவில் வயல்காவல் நிற்கின்றனர்.

இச்சிக்கலுக்குப் பயன்தரும் விடைகள், அயலாரைத் தண்டிக்கும் சட்டங்களிலிருந்து அன்றி, அவர்களைப் பொறுப்பாளராக்கும் ஏற்பாடுகளிலிருந்து வந்துள்ளன. பூங்காவின் எல்லையில் அரசு அமைக்கும் மின்வேலிகளுக்கு இருபுறமும் யானைகள் நிற்பதால் அவை பல இடங்களில் பயனற்றுப்போயின. மாறாக, ஊரையும் பருவகால வயலையும் சுற்றி, குடியானவர்களே அமைத்துப் பேணி, அறுவடை முடிந்ததும் வயல்வேலியைக் கழற்றி, தாள் மேய யானைக்கு வழிவிடும் முறை வறண்ட வலயத்தின் பல ஊர்களில் வெற்றி பெற்றுள்ளது. யானை எவ்விடத்தில் வாழலாம் என்பதை வரைபடத்தில் கோடிட்டு முடிவு செய்வதைவிட, மனிதர் எவ்விடத்தில் எக்காலத்தில் காக்கப்பட வேண்டும் என்பதை முடிவு செய்வது எளிதும் மலிவுமாகும் என்பதே இம்முறையின் அடிப்படை.

இதே படிப்பினை இமயமலையின் கிழக்குச் சரிவுகளிலிருந்தும் கிடைக்கிறது. மூங்கிலை முதன்மை உணவாகக் கொண்டு மரங்களில் வாழும் சிவந்த மயிருடைய சிறு விலங்கான செம்பாண்டா, 1825இல் பிரெஞ்சு அறிஞர் பிரெடெரிக் கூவியேவால் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. காடழிப்பினாலும் தோலுக்கான வேட்டையினாலும் அதன் வளர்ந்த விலங்குகள் பத்தாயிரத்துக்கும் குறைந்துள்ளன என மதிப்பிட்டு, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015இல் அதனை அழியும் ஆபத்திலுள்ள இனமாக வகைப்படுத்தியது. டார்ஜிலிங்கில் உள்ள பத்மஜா நாயுடு இமாலய விலங்கியற் பூங்கா அதனை இனப்பெருக்கம் செய்வித்து, 2003இல் சிங்கலீலாக் காட்டில் இரண்டை விட்டது. கிழக்கு நேபாளத்திலோ அயலூர் மக்களே ஊதியம் பெறும் காட்டுக் காவலராக அமர்த்தப்பட்டு, விலங்கின் தடங்களைப் பதிந்தும் கண்ணிகளை அகற்றியும் வருகின்றனர். பிடித்து வளர்ப்பதும் விடுவதும் துணைப்பணிகளே. காட்டின் ஓரத்தில் வாழ்வோருக்கு அவ்விலங்கு உயிரோடு இருப்பதில் பங்கு கிடைக்கும்போதே காப்பு நிலைபெறுகிறது.

தீவகத்தில் எஞ்சிய பொறுப்பு

2015 யூன் மாதத்தில் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆதாம் பாலம், மடு வீதி, சுண்டிக்குளம் ஆகியவையும் அப்போதே அந்நிலையைப் பெற்றன. நெடுந்தீவுக் குதிரை இத்தீவின் இயல்பான காட்டுயிர் அன்று; வணிகமும் படைத்தேவையும் கொண்டுவந்து விட்டுச்சென்ற விலங்கு. எனவே அதனைக் காப்பது இயற்கையைக் காப்பதா, மரபுச் செல்வத்தைக் காப்பதா என்னும் வினா எழுவது இயல்பே. அவ்வினா எவ்வாறு தீர்ந்தாலும், கடும் வறட்சியில் குட்டைகள் வற்றும்போது குதிரைகள் நீரின்றி மடிவதும், அதே வேளையில் தீவுமக்களும் அவர்களின் மாடுகளும் குடிநீருக்குத் தவிப்பதும் ஒரே சிக்கலின் இரு முகங்களாகும். பூங்கா அறிவிப்பு நிலத்துக்கு எல்லை வகுத்தது. நீரைப் பங்கிடுவதற்கு வழி வகுக்கவில்லை. மனிதருக்கும் மந்தைக்கும் குதிரைக்கும் போதுமான நீர்நிலைகளைத் தூர்வாரிப் பேணுவதே அத்தீவில் செய்யத்தக்க முதற் காப்புப்பணியாகும்.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நயினாதீவுக் கல்லில் பொறித்த விதி, யானை ஏற்றிய கலம் உடைந்தால் இழப்பை யார் எவ்வளவு ஏற்க வேண்டும் என்பதைத் துல்லியமாக வரையறுத்தது. வணிகனின் இழப்பில் ஒரு பகுதியை அரசு தாங்கினால்தான் மறுபடியும் யானை வரும் என்பதை அவ்வாணையை இயற்றியோர் அறிந்திருந்தனர். அவ்வறிவு வணிகனோடு நின்றுவிட்டது. வளைத்துப் பிடிக்கச் சென்று வயலிழந்தவனுக்கோ, பிடிபடாத யானையிடம் பயிரிழந்தவனுக்கோ அது எட்டவில்லை. இன்றைய நட்டஈட்டு விதிகள் அம்மக்களை முதன்முறையாகக் கணக்கில் சேர்த்துள்ளன. ஆயினும் தொகை போதாமையும் காலந்தாழ்த்துதலும் அவற்றின் நோக்கத்தைச் சிதைக்கின்றன. அரிய விலங்கைக் காக்க விரும்பும் நகரத்தவரும் வெளிநாட்டவரும் அளிக்கும் உதவி, பூங்காவின் வாயிலோடு நில்லாமல், வேலியைப் பேணும் குடியானவருக்கும் இரவுக்காவல் நிற்கும் குடும்பத்துக்கும் குளத்தைத் தூர்வாரும் ஊருக்கும் சேருமானால், உடைந்த கலத்தின் இழப்பைப் பங்கிட்ட பழைய நீதி, விலங்கோடு வாழ்வோரின் இழப்புக்கும் விரிவடைந்ததாகும்.